வேலையை விட்டுவிட்டு குரூப் 1-க்குப் படிக்கலாமா? பின்னால் வருந்தாதபடி எப்படி முடிவெடுப்பது?

குடந்தைப்பெண்:

எல்லோருக்கும் வணக்கம். வயது 28, பி.சி. பிரிவு. பொறியியல் முடித்துவிட்டு சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் 4 வருடம் 4 மாதமாக வேலையில் இருக்கிறேன். கைக்கு 46,000 ரூபாய் வருகிறது, அடிப்படைச் சம்பளம் 22,000. வீட்டுக்கு 10,000, கல்விக்கடன் தவணை 5,500 (பாக்கி 1.2 லட்சம்), என் செலவு எல்லாம் போக மாதம் 15,000 மிஞ்சும். சேமிப்பு 3.6 லட்சம். அப்பாவுக்கு ஓய்வூதியம் கிடையாது.

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் (டி.என்.பி.எஸ்.சி.) குரூப் 1 தேர்வெழுதித் துணை ஆட்சியர் ஆக வேண்டும் என்பது கல்லூரி நாளிலிருந்து உள்ள ஆசை. இந்த மாதமே ராஜினாமா கடிதம் கொடுத்துவிடலாமா என்று தோன்றுகிறது. வீட்டில் வரன் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். இப்போது விட்டுவிட்டால் நாற்பது வயதில் 'ஒரு தடவை எழுதியாவது பார்த்திருக்கலாமே' என்று ஏங்குவேன் என்று பயம். எழுதித் தோற்றால் 'இருந்த வேலையையும் கெடுத்துக்கொண்டேனே' என்ற பயம். கூடவே யு.பி.எஸ்.சி.யும் எழுதலாமா? தெரிந்தவர்கள் கணக்கோடு சொல்லுங்கள்.

வைகைக்கரை:

சகோதரி, முதலில் வயதைப் பார்ப்போம். 'இப்போது விட்டால் போச்சு' என்ற அவசரம் அங்கிருந்துதான் வருகிறது. குரூப் 1-க்குப் பொதுப் பிரிவில் 34, பி.சி.க்கு 39 வயது வரை எழுதலாம். குரூப் 2-இல் பட்டதாரியான பி.சி. பிரிவினருக்குப் பெரும்பாலான பதவிகளில் வயது உச்சவரம்பே இல்லை. யு.பி.எஸ்.சி.யில் ஓ.பி.சி.க்கு (மத்திய அரசின் பிற்படுத்தப்பட்டோர் பிரிவு) 35 வயது வரை, 9 முறை எழுதலாம். ஆனால் கிரீமிலேயருக்கு (பிற்படுத்தப்பட்டோரில் வசதி மிகுந்தவர்கள்) வெளியே இருப்பதற்கான மத்திய அரசுச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். மாநில சாதிச் சான்றிதழ் மட்டும் போதாது. விண்ணப்பித்துவிட்டுத் தேர்வுக்கே போகாவிட்டால் அது ஒரு முயற்சியாகக் கணக்கில் வராது, முதல்நிலையில் ஒரே ஒரு தாளை எழுதினாலும் வந்துவிடும். ஆகவே உங்களை வயது நெருக்கவில்லை. ஒரு வருடம் திட்டமிடுவதற்குச் செலவழித்தாலும் ஒன்றும் கைநழுவிப் போகாது.

அடுத்தது எந்தத் தேர்வு என்பது. இரண்டையும் சமமாக வைத்துப் படிப்பது ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்தான். குரூப் 1 முதல்நிலையில் 200 கேள்வி, 300 மதிப்பெண், 3 மணி நேரம், தவறான விடைக்குக் கழிவு கிடையாது. முதன்மைத் தேர்வில் தமிழ்த் தகுதித்தாளும் தலா 250 மதிப்பெண்ணில் மூன்று பொது அறிவுத் தாள்களும். நேர்முகத் தேர்வுக்கு 100. விருப்பப்பாடம் கிடையாது. யு.பி.எஸ்.சி.யில் தரவரிசைக்கு எடுக்கும் 1,750 முதன்மை மதிப்பெண்ணில் 500 விருப்பப்பாடத்துக்கே போகிறது, முதல்நிலையில் தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு கழிவு உண்டு. அந்த விருப்பப்பாடம் ஒன்றே மாதக்கணக்கில் நேரத்தைத் தின்னும். உங்கள் ஆசை துணை ஆட்சியர் பதவிதான் என்றால் குரூப் 1-ஐ முதன்மையாக வையுங்கள், குரூப் 2-ஐப் பக்கத்தில் வையுங்கள். யு.பி.எஸ்.சி.யைப் பிறகு பார்க்கலாம்.

போட்டியின் அளவையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2024-இல் குரூப் 1-க்கு அறிவித்தது 90 இடம், விண்ணப்பித்தவர்கள் 2 லட்சத்துக்கும் மேல். ஓர் இடத்துக்கு 20 பேர் என்ற கணக்கில்தான் முதன்மைத் தேர்வுக்கு எடுக்கிறார்கள். நன்றாகப் படித்தவர்களிலும் பெரும்பாலோருக்குக் கிடைக்காது. இந்த உண்மையை உள்ளே வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும், 'உழைத்தால் கிடைத்துவிடும்' என்ற தைரியத்தை நம்பி அல்ல.

இன்னொன்று. பதவி மேல் ஆசையா, அந்த வேலை மேல் ஆசையா என்று ராஜினாமாவுக்கு முன்னாலேயே சோதித்துப் பாருங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கும். ஒருநாள் விடுப்பு போட்டுவிட்டுக் காலையிலிருந்து மாலைவரை உட்கார்ந்து பாருங்கள். பட்டா மாறுதல், ஆக்கிரமிப்பு, முதியோர் உதவித்தொகை, வாரிசுச் சான்று என்று மனுக்கள் வந்துகொண்டே இருக்கும். துணை ஆட்சியர் நிலையில் உள்ள கோட்டாட்சியரின் வேலை பெரும்பாலும் இதுதான், இதோடு தேர்தல், வெள்ளம், சட்டம் ஒழுங்கு. அதைப் பார்த்தபிறகும் மனம் அங்கேயே நின்றால் ஆசை உண்மையானது.

கணக்குப்பிள்ளை:

இந்த மாதமே கடிதம் கொடுக்காதீங்க மா. ஏன்னு கணக்கா சொல்றேன்.

வேலையை விட்டப்புறம் ஒரு முழுச் சுற்றாவது எழுத 18 மாசச் செலவு கையில இருக்கணும். 2024 சுற்றையே எடுத்துக்குங்க: மார்ச்ல அறிவிக்கை, ஜூலை 13-ல முதல்நிலை, டிசம்பர்ல முதன்மை. அதுக்கப்புறம் நேர்முகம். நீங்க விடுற தேதி சுற்றோட ஆரம்பத்துல சரியா விழும்னு சொல்லமுடியாது, அதனால 12 மாசம் பத்தாது.

முதல்ல கல்விக்கடன் 1.2 லட்சத்தை இப்பவே அடைச்சிருங்க. சேமிப்பு 2.4 லட்சமாக் குறையும், ஆனா மாசாமாசம் 5,500 விடுதலை. சம்பளம் இல்லாத நாள்ல தவணை தவறினா சிபில் மதிப்பெண்ணும் அடிவாங்கும், மனசும் அடிவாங்கும். அப்புறம் ஊருக்கே வந்து படிச்சா மாசச் செலவு இப்படி வரும்: வீட்டுக்கு 10,000, உங்க சாப்பாடும் கைச்செலவும் 8,000, நூலகத்துக்குப் போய்வர 1,500, புத்தகமும் மாதிரித் தேர்வும் சராசரியா 2,000, மருத்துவக் காப்பீட்டுக்கு 1,000. ஆக 22,500. 18 மாசத்துக்கு 4,05,000. தொடவே கூடாத அவசரத் தொகை 1 லட்சம் தனியா. மொத்தம் 5,05,000 வேணும், இருக்கிறது 2,40,000. குறையுறது 2,65,000. தவணை நின்னதும் மாசம் 20,500 சேமிக்கலாம். 13 மாசத்துல சேர்ந்துரும்.

இந்த 13 மாசத்துல இன்னொரு லாபமும் இருக்கு. அஞ்சு வருஷம் முடிஞ்சாத்தான் பணிக்கொடை (கிராஜுவிட்டி). இப்ப விட்டா அது பூஜ்யம். 13-வது மாசம் முடிஞ்சு கடிதம் கொடுத்தா உங்க சேவை 5 வருஷம் 5 மாசம். அதுக்கு மேல 2 மாச அறிவிப்புக் காலத்தை முழுசா வேலை பார்த்தா 5 வருஷம் 7 மாசம். ஆறு மாசத்துக்கு மேல போனா முழு வருஷமாக் கணக்கு, அதனால 6 வருஷத்துக்குக் கிடைக்கும். அடிப்படைச் சம்பளம் 22,000-ஐ 15-ஆல பெருக்கி 26-ஆல வகுத்தா வருஷத்துக்கு 12,692. ஆறுக்குச் சுமார் 76,000-க்குக் குறையாது. அறிவிப்புக் காலத்தைப் பணம் கட்டிக் கழிச்சுட்டு சீக்கிரம் கிளம்புறது இந்த இடத்துல கையைச் சுடும்.

பி.எஃப். பணத்தை இந்தக் கணக்குல சேர்க்கவே கூடாது. ஓய்வூதியப் பகுதியை எடுத்துட்டா, மாத ஓய்வூதியத்துக்கு வேண்டிய 10 வருஷச் சேவைக் கணக்கு அறுந்துபோகும், திரும்ப வேலைக்குப் போனாலும் முதல்லேர்ந்துதான் ஆரம்பம். அப்புறம் கம்பெனி மருத்துவக் காப்பீடு. கடைசி வேலை நாளோட அது முடிஞ்சுரும். அதே காப்பீட்டு நிறுவனத்தோட தனிநபர் பாலிசிக்கு மாறிக்கலாம், இதுவரைக்கும் கழிஞ்ச காத்திருப்புக் காலமும் வீணாகாது. ஆனா கடைசி நாளுக்கு முந்தியே விண்ணப்பிச்சிருக்கணும். இதை மறந்துட்டு அப்புறம் புதுசா எடுத்தா, ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு 3 வருஷம் வரைக்கும் காத்திருக்க வேண்டிவரும்.

நிழல்மரம்:

பணத்தையும் வயதையும் மேலே இருவரும் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். வருத்தம் என்பதைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன், கேள்வியின் மையம் அதுதான்.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச், விக்டோரியா மெட்வெக் இருவரும் 1990-களின் நடுவில் செய்த ஆய்வுகள் இதைத் தொடுகின்றன. செய்து கெட்டதற்கான வருத்தம் அண்மைக்காலத்தில் கூர்மையாக இருக்கிறது. ஆண்டுகள் ஓட ஓட, செய்யாமல் விட்டதற்கான வருத்தம் மேலே வருகிறது. உங்கள் இரண்டு பயங்களும் அப்படியே இதற்குள் அடங்குகின்றன. ஆனால் இதிலிருந்து 'அப்படியென்றால் வேலையை விட்டுவிடு' என்று வாசிப்பது தவறு. செய்யாமல் விட்ட வருத்தத்தைத் தீர்ப்பது தேர்வை முழு மனதோடு எழுதுவதுதான். வேலையை விடுவது அதற்கு ஒரு வழி, ஒரே வழி அல்ல. அடுத்த குரூப் 1 முதல்நிலையை வேலையில் இருந்துகொண்டே எழுதுங்கள். அங்கேயே பாதி ஏக்கம் தீரும், உங்கள் உண்மையான நிலையும் தெரியும்.

இந்தத் தேர்வுத் துறையில் நான் பெரிதாகக் கருதும் கேடு வேறு. தோற்பதால் வாழ்க்கை கெட்டவர்களைவிட, எப்போது நிறுத்துவது என்று முடிவு செய்யாமல் இழுத்துக்கொண்டே போனவர்கள் அதிகம். மூன்று வருடம் போட்டாயிற்றே, இப்போது விட்டால் மூன்றும் வீண் என்று நான்காவது வருடத்தைப் போடுவார்கள். ஆகவே தொடங்கும் தேதியை எழுதும் அதே தாளில் நிறுத்தும் எல்லையையும் எழுதுங்கள். உங்கள் கணக்குக்கு இப்படி அமையலாம்: வேலையை விட்டபின் இரண்டு முதல்நிலைத் தேர்வுகள். இரண்டிலும் முதன்மைக்குத் தேர்வாகாவிட்டால், இரண்டாவது முடிவு வந்த 30 நாளுக்குள் வேலை தேடத் தொடங்குவது. முதன்மை எழுதித் தவறினால் மட்டும் இன்னொரு சுற்று. அவசரத் தொகையான 1 லட்சத்தைத் தொடும் நாள் வந்தால், எந்தச் சுற்றில் இருந்தாலும் சம்பளத்துக்குத் திரும்புவது. இந்த எல்லையை, மனம் தெளிவாக இருக்கும் இப்போதே எழுத வேண்டும். முடிவு வந்த அன்று அழுகைக்கு நடுவில் எழுத முடியாது.

எழுதுவதற்கு முன் ஒரு பயிற்சி. கேரி கிளைன் என்ற உளவியலாளர் சொன்ன முறை இது. இரண்டு வருடம் கழிந்துவிட்டது, திட்டம் முழுக்கத் தோற்றுவிட்டது என்று வைத்துக்கொண்டு, ஏன் தோற்றது என்று 20 நிமிடம் எழுதுங்கள். 'தோற்குமா?' என்று கேட்டால் மனம் சமாதானம் சொல்லும். 'தோற்றுவிட்டது, ஏன்?' என்றால் காரணங்களைக் கொட்டும். இந்தத் தேர்வில் வழக்கமாக வருபவை: 6 முதல் 12 வரை சமச்சீர் புத்தகங்களை முடிக்காமலே பயிற்சி மையம் மாறி மாறிச் சேர்வது, நடப்பு நிகழ்வுக் குறிப்புகளைச் சேர்த்துக்கொண்டே போய்த் திருப்பிப் பார்க்காமல் இருப்பது, முதல்நிலை முடிவு வரும்வரை விடை எழுதும் பயிற்சியைத் தொடாமல் இருப்பது. மூன்றாவதுதான் நல்ல மாணவர்களையும் வீழ்த்துகிறது. முதன்மையில் மூன்று மணி நேரம் கை நிற்காமல் எழுத வேண்டும், அது கடைசி இரண்டு மாதத்தில் வராது. வேலையில் இருக்கும்போதே வாரம் நான்கு விடையாவது கையால் எழுதத் தொடங்குங்கள்.

குடந்தைப்பெண்:

மூவருக்கும் மிக்க நன்றி. 13 மாதக் கணக்கை இப்படி யோசிக்கவே இல்லை. இரண்டு சந்தேகம். வேலையோடு ஒரு நாளைக்கு எவ்வளவு படிக்க முடியும்? வீட்டில் எப்படிச் சொல்வது? 'இரண்டு வருடம் கல்யாணம் வேண்டாம்' என்றாலே அம்மா அழுகிறார்.

செங்காந்தள்:

தங்கச்சி, நேரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வார நாளில் இரண்டரை மணி, சனி ஞாயிறு தலா 7 மணி. வாரத்துக்கு 26.5 மணி. பண்டிகை, உடல்நலக் குறைவு, அலுவலக நெருக்கடி என்று ஆறு வாரம் போனாலும் 13 மாதத்தில் 50 வாரம் கிடைக்கும், அதாவது 1,300 மணிக்கு மேல். சமச்சீர் புத்தகங்களை இரண்டு முறை முடித்து, தமிழ்நாட்டு வரலாறு, பண்பாடு, வளர்ச்சி நிர்வாகம் பகுதிகளுக்கும் தனியாக நேரம் ஒதுக்க இது போதும். வார நாளின் இரண்டரை மணியைக் காலையில் வையுங்கள். அலுவலகம் முடிந்து வந்தபின் என்று வைத்தால், மென்பொருள் வெளியீட்டு வாரங்களில் அத்தனையும் போய்விடும். திறனறிக் கணக்குக்கு நீங்கள் பொறியாளர் என்பதால் அதிக நேரம் வேண்டாம். பழைய வினாத்தாள்கள் டி.என்.பி.எஸ்.சி. தளத்திலேயே இருக்கின்றன. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களின் தன்னார்வப் பயிலும் வட்டங்களில் இலவச வகுப்பு நடக்கிறது, பெரிய தொகை கட்டிச் சேருமுன் அதைப் பார்த்துவிடுங்கள்.

வீட்டில் 'கல்யாணம் வேண்டாம்' என்று தொடங்காதீர்கள். அம்மாவுக்கு அது முடிவில்லாத காலமாகக் கேட்கிறது. நிழல்மரம் சொன்ன தாளை முதலில் அப்பாவிடம் காட்டுங்கள்: வீட்டுக்கு வரும் 10,000 நிற்காது, கடன் அடைந்துவிட்டது, இன்ன தேதியில் நிறுத்திவிடுவேன். அவருக்கு ஓய்வூதியம் இல்லாததால் முதல் வரிதான் அவர் தேடுவது. பிறகு அம்மாவிடம், இந்த 13 மாதம் வேலையிலேயே இருப்பதால் வரன் பார்ப்பதை நிறுத்த வேண்டியதில்லை, வருகிறவர்களிடம் படிப்புத் திட்டத்தை முதல் பேச்சிலேயே சொல்லிவிடலாம் என்று சொல்லுங்கள். அதற்குச் சம்மதிக்காத வரன் பின்னாலும் ஒத்துவராது. பெரியப்பா, சித்தப்பா எல்லோருக்கும் இப்போதே தெரியவேண்டாம். அப்பா, அம்மா, நீங்கள் என்று மூன்று பேருக்குத் தெரிந்தால் போதும்.

குரூப் 2-க்கும் தவறாமல் விண்ணப்பியுங்கள். அது கிடைத்துவிட்டால் சம்பளத்தோடு குரூப் 1 எழுதலாம், ராஜினாமாவின் ஆபத்தே பாதியாகிவிடும். பணிக்குச் சேர்ந்தபின் துறைக்குத் தெரிவித்துவிட்டு எழுத வேண்டும், அவ்வளவுதான்.

முதல் முறை எழுதுபவர்களுக்காக ஒன்று: முதல்நிலையில் கழிவு மதிப்பெண் இல்லை என்பதால் தெரியாத கேள்விக்கும் ஊகித்து விடையளியுங்கள். எதையும் வெற்றாக மட்டும் விடக்கூடாது. விடை தெரியவில்லை என்பதற்கே ஐந்தாவதாக ஒரு வட்டம் உண்டு, ஒன்றுமே நிரப்பாமல் விட்டால் மதிப்பெண் குறைப்பார்கள். வீட்டில் மாதிரித் தேர்வு எழுதும்போதும் விடைத்தாளை அச்சடித்து, கறுப்புப் பந்துமுனைப் பேனாவால் வட்டம் நிரப்பியே பழகுங்கள். 200 வட்டம் நிரப்ப எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.