ரிங்கிட் கணக்கில் தசமப் பிழை ஏன்?

கேள்வி:
மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரச் செம்பனைச் சிறுதோட்டக்காரர்களுக்காகப் பைத்தானில் குலை எடைக் கணக்கு நிரல் எழுதி வருகிறேன். 0.1 உடன் 0.2ஐக் கூட்டினால் 0.30000000000000004 வருவது ஏன்?

மறுமொழி 1:
0.1 என்னும் பின்னத்தை 0, 1 மட்டுமே கொண்ட இரும முறையில் முடிவுறும் இலக்கங்களால் எழுத இயலாது என்பதால், கணினிகள் தசம எண்களைச் சேமிப்பதற்கான ஐ.இ.இ.இ. 754 தரப்படி அது 53 பிட்டுகளுக்குள் (இரும இலக்கங்களுக்குள்) அடங்கும் மிக நெருங்கிய எண்ணாகவே சேமிக்கப்படுகிறது. பைத்தானைக் குறைகூற வேண்டாம். ஜாவா போன்ற வேறு நிரல்மொழியிலும் இதே விடைதான்.

மறுமொழி 2:
தம்பி, பணத்தைச் சென் (ரிங்கிட்டில் நூறில் ஒரு பங்கு) கணக்கில் முழு எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள். எடையையும் விலையையும் பெருக்குமிடத்தில் பைத்தானில் தசம எண்களை அப்படியே வைத்துக்கொள்ளும் டெசிமல் வகையைப் பயன்படுத்தலாம், ஆனால் 0.1ஐ மேற்கோள் குறிக்குள் சரமாக (எழுத்துத் தொடராக)க் கொடுக்காவிட்டால் பழைய பிழையே உள்ளே நுழைந்துவிடும்.

மறுமொழி 3:
ரொக்கமாகக் கொடுப்பதென்றால், 2008 முதல் நம் நாட்டில் மொத்தத் தொகையைத்தான் அருகிலுள்ள 5 சென்னுக்கு முழுமைப்படுத்துகிறார்கள். கணக்கின் ஒவ்வொரு உருப்படியிலும் அதைச் செய்துவிடாதீர்கள்.