சைக்கிள் பின் வீல்ல போக்ஸ் கம்பி அறுந்துக்கிட்டே இருக்கு, தேரிக்கு (செம்மணல் மேட்டுக்கு) என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?

செவக்காட்டான்:
அண்ணாச்சிமாரே அவசரம், சனிக்கிழமை கெளம்பணும். லோடு கட்டி ஓட்டிப் பாத்தா பின்னால கம்பி அறுந்துக்கிட்டே இருக்கு, மாத்துனா பக்கத்துக் கம்பி போவுது. திசையன்விளை, உவரி, மணப்பாடு, அப்புறம் குதிரைமொழித் தேரிக்குள்ள போய்ட்டு திருச்செந்தூர். உள்ள கடையே கெடையாது. கம்பி வாங்கணுமா வீலையே மாத்தணுமா?

பாளை_பெடல்:
எந்த சைக்கிள்? எவ்வளவு எடை? ஃப்ரீவீல் (செயின் ஓடுற பல் சக்கரம்) பக்கமா எதிர்ப் பக்கமா? வீல் நடுவுல ஹப்பு வளைவுல அறுவுதா, ரிம்ல கம்பியப் புடிக்கிற நிப்பிள்கிட்டயா?

வள்ளியூர்க்காத்து:
டயர்ல காத்து கம்மியா இருக்கும் வே. லோடு ஏத்துனா கூட அடிக்கணும், இல்லன்னா குழியில விழுற அடி நேரா கம்பிக்குத்தான் போவும்.

மூத்த_ஓட்டி:
தம்பி, வீல் எப்படி நிக்குன்னு தெரியாம லோடு கட்டக் கூடாது, இது அடிப்படை. கம்பி லூசா இருந்தா ஒவ்வொரு சுத்துலயும் கீழ வாரப்ப தளர்ந்து மேல போறப்ப இழுக்கும், அப்படியே வளைவுல களைச்சு அறுந்துரும். ஒண்ணு அறுந்தா பக்கத்துல உள்ளதுக்கும் அதே வயசுதான. ஒத்தக் கம்பியா மாத்திக்கிட்டே இருந்தா தீராது, மொத்தமா மாத்தி டென்ஷன் (கம்பி இழுவை) சமமா வச்சு வீல் கோட்டம் எடுக்கணும். எல்லாம் முன்னாடியே எழுதியாச்சு, தேடிப் படிக்கணும்.

அம்பை_ரைடர்:
கம்பிய விடுங்க, தேரி ஓரமெல்லாம் உடை முள்ளு. பேச், சிலோச்சன் (பஞ்சர் பசை), ரெண்டு ட்யூப் கட்டாயம். 700சி அளவு ட்யூப் அந்தப் பக்கம் கெடைக்காது. மணல்ல டயர் புதையும், தள்ளத்தான் செய்யணும். தண்ணி நெறைய எடுங்க. அருஞ்சுனை காத்த அய்யனார் கோவில்கிட்ட சுனை இருக்கு, இருந்தாலும் அத நம்பிப் போகாதீங்க.

வள்ளியூர்க்காத்து:
ஆடியிலயா போறீரு? ஆரல்வாய்மொழி கணவாய் வழியா வார மேல்காத்து தேரி மணலத் தூக்கி மூஞ்சில அடிக்கும்.

பாளை_பெடல்:
கெழக்க போனா முதுகுக் காத்துதான அண்ணாச்சி, பாதி பெடல் மிச்சம்.

வள்ளியூர்க்காத்து:
திரும்பி வரணும்லா? அத யாரு ஓட்டுவா?

பாளை_பெடல்:
திருச்செந்தூர்ல பாசஞ்சர் இருக்கு. சைக்கிள ஏத்த முடியுமான்னு ஸ்டேஷன்ல முன்னாடியே கேட்டுக்கிட்டாப் போதும்.

வள்ளியூர்க்காத்து:
ரயில்ல வாரதுக்கு எதுக்கு வே சைக்கிள் பயணம்!

தென்கரை:
காத்துச் சண்டைய நிறுத்துங்கய்யா, அவரு கேட்டது கம்பி. வலது பக்கம் அறுந்தா ஃப்ரீவீலக் கழட்டாம புதுசு கோக்க முடியாது, ரிமூவரும் பெரிய ஸ்பானரும் வேணும். வழியில ஒண்ணு போனா பக்கத்துக் கம்பி ரெண்டையும் நிப்பிள் சாவியால கொஞ்சம் லூஸ் பண்ணி கோட்டத்தக் கொறச்சு, பின் பிரேக்கத் தொறந்துவிட்டு பைய ஓட்டி ஊர் சேரலாம். ஸ்பேர் கம்பி ரெண்டு அளவுலயும் எடுங்க, வலதுக்கும் இடதுக்கும் நீளம் கொஞ்சம் மாறும். ஃப்ரேம் கம்பியோட சேத்து டேப் போட்டு ஒட்டிருங்க. எடை மொத்தத்தயும் பின் கேரியர்ல ஏத்தாதீங்க.

செவக்காட்டான்:
ஹைபிரிட், 700சி, வலது பக்கம், ஹப்பு வளைவுலதான். கடையில அந்தப் பக்கம் பூரா மாத்தி கோட்டம் எடுத்தாச்சு. டெண்ட்ட ஹேண்டில்பார்ல கட்டி மேலப்பாளையம் வரைக்கும் ஓட்டுனேன், அறுவல. ரிமூவர்தான் இன்னும் கெடைக்கல. நன்றி.

தென்கரை:
பின்னால இருக்கது கேசட்டா (ஹப்புல சொருகுறது) ஃப்ரீவீலா (ஹப்புல திருகுறது)ன்னு பாத்துட்டு வாங்குங்க, ரெண்டுக்கும் ரிமூவர் வேற வேற.