முந்தானை எந்தத் தோளில்? ஊரைக் கூட்டி குறிப்பு எழுதச் சொன்னதன் லட்சணம்

பழையஸ்டூடியோ:
நேத்து ராத்திரி தூக்கமே போச்சு. ஒரு வெளிநாட்டு ஆவணக் காப்பகம் தன் காலனி காலத்துப் படங்களை இணையத்துல போட்டு, தெரிஞ்சவங்க குறிப்பு எழுதுங்கன்னு கூப்பிட்டிருக்கு. அதுல ஒரு படம். தேயிலைச் செடிக்கு நடுவுல கூடையோட நிக்கிற அம்மா. கீழே "தமிழ்க் கூலிப் பெண், சிலோன், சுமார் 1860". நம்ம ஆள் ஒருத்தர் போய், "முந்தானை வலத்தோளில் கிடக்கிறது, எனவே நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சடித்துவிட்டார்கள்"னு தீர்ப்பே எழுதிட்டார். அதுக்கு நாப்பது லைக் வேற! முப்பது வருஷம் டார்க்ரூம்ல கிடந்தவன் சொல்றேன், அது திரும்பலை.

மலைநாட்டான்:
அந்த ஆள் நான்தான். பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாம். என் பூட்டி கொழுந்து பறித்தவள். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளில், யாரும் வலத்தோளில் முந்தானை போட்டுப் பார்த்ததில்லை.

பழையஸ்டூடியோ:
பூட்டியை நீங்க பார்த்தீங்களா தம்பி? படத்தோட கீழ் மூலையில வெள்ளையா ஒரு நம்பர் இருக்கு, பாருங்க. நெகட்டிவ்ல மையால எழுதினா அச்சுல வெள்ளையா வரும். படம் திரும்பியிருந்தா நம்பரும் திரும்பியிருக்கணும். அது நேரா நிக்குது. முடிஞ்சு போச்சு.

அட்டவணைக்காரி:
ஒரு கேள்வி. "குறிப்பு"ன்னு எதைக் கேக்கறாங்க? இடமா, வருஷமா, ஆள் பேரா? வாசகர் எழுதறது மூலத் தலைப்பை மாத்துமா, இல்ல பக்கத்துல தனியா நிக்குமா? 2011ல லண்டன் தேசிய ஆவணக் காப்பகம் ஆப்பிரிக்கப் படங்களை ஃபிளிக்கர்ல போட்டு இப்படித்தான் கேட்டாங்க. நான் வேலை பார்த்த நூலகத்துல இதைத் தீர்மானிக்காம ஆரம்பிச்சு, ஆறு மாசம் அடிச்சு அடிச்சுத் திருத்தினோம்.

மலைநாட்டான்:
நம்பரைப் பிறகு எழுதியிருந்தால்? திருப்பி வைத்த பிறகு நேராக எழுத எவ்வளவு நேரமாகும்?

கொங்குக்காரன்:
ஏனுங்க, வலத்தோள்னாலே தப்புங்களா? எங்க அமுச்சி, அம்மாவப் பெத்தவங்க, சாகற வரைக்கும் பின்கொசுவம் வெச்சு வலத்தோள்லதான் போட்டிருந்தாங்க. அய்யர் வீட்டு மடிசார்லயும் வலத்தோள்தானுங்க. அய்யங்கார்னா இடது.

மலைநாட்டான்:
அருமை. தேயிலைத் தோட்டத்தில் மடிசார் கட்டிக்கொண்டு கொழுந்து பறித்தார்களா?

கொங்குக்காரன்:
அமுச்சியப் பத்திச் சொன்னதை விட்டுப்போட்டு மடிசாரைப் புடிச்சுக்கறீங்க. தோட்டத்துக்கு ஆள் சேத்த கங்காணிமாரு எங்க பக்கத்துலயும் ஆள் கூட்டிட்டுப் போயிருப்பாங்கல்லங்க.

அட்டவணைக்காரி:
வருஷத்தை யாருமே பாக்கலையா? தோட்டத்துரை ஜேம்ஸ் டெய்லர் சிலோன் மலைநாட்டு லூல்கந்துர தோட்டத்துல தேயிலை போட்டதே 1867ல. அதுக்கு முன்னாடி மலையெல்லாம் காப்பி. 1869ல இலைத்துரு நோய் வந்து காப்பி அழிய ஆரம்பிச்ச பிறகுதான் தேயிலை பரவுச்சு. "சுமார் 1860" எப்படிச் சரியாகும்? தப்பு அங்க இருக்கு, தோள்ல இல்ல.

பழையஸ்டூடியோ:
வருஷம் கிடக்கட்டும்மா. கண்ணாடி நெகட்டிவைத் திருப்பி வெச்சா படம் பதிஞ்ச மருந்துப் பக்கம் தாளைத் தொடாது. நடுவுல கண்ணாடிக் கனம் நிக்கும், படம் மசமசன்னு வரும். இந்தப் படம் கத்தி மாதிரி இருக்கு, இலை நரம்பு வரைக்கும் தெரியுது. அதோட மூக்குத்தி வலப்பக்கம். நம்ம பெண்கள் எந்தப் பக்கம் குத்துவாங்க? வலது. இதெல்லாம் படிச்சு வர்றதில்ல.

மலைநாட்டான்:
அது மூக்குத்தி இல்லை, தூசி. பெரிதாக்கிப் பார்த்தேன்.

பழையஸ்டூடியோ:
எந்த மானிட்டர்ல?

வெட்டிப்பேச்சு:
அண்ணே, போன மாசம் திருச்சி தெப்பக்குளத்தை மதுரை வண்டியூர்னு அடிச்சுச் சொன்னது யாரு? பின்னாடி மலைக்கோட்டை தெரியுதுன்னு என் பொண்ணு சொல்லிச்சு. அவளுக்குப் பத்து வயசு.

பழையஸ்டூடியோ:
அந்த ஸ்கேன் மங்கல். அதை இங்க இழுக்கிறவங்க நோக்கம் எனக்குத் தெரியும். நான் இந்தக் குழுவுக்கு வந்தப்போ இங்க மொத்தம் பதினோரு பேர்.

மலைநாட்டான்:
சரி, தோளை விடுங்கள். "கூலிப் பெண்" என்று எழுதியிருக்கிறதே, அது யாருக்கும் உறுத்தவில்லையா? 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதியாக இந்திய மக்களைப் படம் பிடித்துப் போட்டார்களே, அதிலும் ஆளின் பெயரைவிடச் சாதிப் பெயர்தான் பெரிதாக நிற்கும். தோட்டத்துரைக்குச் செக்ரோலில், அதாவது ஆள் பேர்ப் பதிவேட்டில், பெயர் தெரிந்திருக்கும். படம் எடுத்தவன் கேட்கவில்லை. நான் அங்கே குறிப்பு எழுதப் போனதே அதற்காகத்தான்.

அட்டவணைக்காரி:
அந்தச் சொல்லை அழிக்கக் கூடாது. அன்னைக்கு எப்படிக் கூப்பிட்டாங்கன்றதுக்கு அதுதான் சாட்சி. பக்கத்துல உங்க குறிப்பு நிக்கணும். அதனாலதான் மேலே அந்தக் கேள்வியைக் கேட்டேன். யாரும் பதிலே சொல்லலை.

பழையஸ்டூடியோ:
அதுக்காகப் போனவர் எதுக்கு நெகட்டிவைத் திருப்பினார்? தோளை விடுங்கன்னா என்ன அர்த்தம், ஒத்துக்கிட்டீங்களா?

மலைநாட்டான்:
எதை ஒத்துக்கொள்ள? இடத்தோள்.

கொங்குக்காரன்:
வலத்தோளுங்க. அமுச்சி போட்டோ இருக்குது, நாளைக்குப் போடறேன்.

பழையஸ்டூடியோ:
போடுங்க தம்பி. அதுல நெகட்டிவ் நம்பர் இருக்கான்னு பாத்துட்டுப் போடுங்க.

வெட்டிப்பேச்சு:
அந்த போட்டோவும் திரும்பியிருந்தா?

மலைநாட்டான்:
காப்பகத்துக்கே மின்னஞ்சல் போட்டிருக்கிறேன். பதில் வரும்வரை என் குறிப்பு அங்கேயே இருக்கும். இப்போது லைக் ஐம்பத்திரண்டு.