10 அடி ஹாலுக்கு வீட்டிலேயே சோபா கட்டில்: கீல் முறையா, இழுக்கும் முறையா?

செந்தூல்_11வதுமாடி:
வணக்கம். செந்தூல் பக்கம் பிளாட், ஹால் 10 அடி அகலம். பகலில் மூன்று பேர் உட்கார வேண்டும், ராத்திரி இரண்டு பேர் படுக்க வேண்டும், அடியில் தலையணை போர்வை வைக்க இழுப்பறை வேண்டும். கையில் இருப்பது டிரில், ஜிக்சா, மட்டப்பலகை, நாலு கிளாம்ப். மேசை ரம்பம் இல்லை.

யோசித்து வைத்திருப்பது: சாய்வு பின்னால் மடங்கும் இரும்புக் கீல் ஒரு ஜோடி வாங்குவது. அல்லது ரீப்பர்கள் (மெத்தையைத் தாங்கும் குறுகிய மரப் பட்டைகள்) சீப்பு மாதிரி ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இழுப்பு முறை. ரீப்பருக்கு 1க்கு 3 அங்குல மெராந்தி மரம் போதுமா? அளவு தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பலகைக்காரன்:
இழுப்பு முறையே செய்யுங்கள். கீல் முறையில் சாய்வு பின்பக்கம் இறங்க இடம் வேண்டும். ஒவ்வொரு ராத்திரியும் சோபாவைச் சுவரிலிருந்து நகர்த்தணும், 10 அடி ஹாலில் அது தொல்லை. இரண்டு கீலும் ஒரே கோட்டில் இல்லாவிட்டால் ஒரு பக்கம் பூட்டும், மறுபக்கம் பூட்டாது. அதைச் சரிசெய்யவே ஒரு சனிக்கிழமை போய்விடும்.

ஆனால் 1க்கு 3 வேண்டாம். இழைத்த பிறகு அது சுமார் 70 மி.மீ. அகலம் வரும். கட்டிலாக விரித்ததும் ஒரு ரீப்பர் இருந்த இடம் காலியாகும், இருபுற இடைவெளியும் சேர்ந்து 82 மி.மீ. ஓட்டை. ஸ்பாஞ்சு அதற்குள் இறங்கும், ஆறு மாதத்தில் முதுகுக்கு வரி வரியாகத் தெரியும். 1க்கு 2 எடுங்கள். இழைத்து 45 மி.மீ. என்றால் ஓட்டை 57 மி.மீ. மட்டும்.

அளவு, 190 செ.மீ. நீள மெத்தைக்கு:

ரீப்பர் எல்லாம் 70 செ.மீ. நீளம், 20 மி.மீ. கனம். மொத்தம் 37. நிலையானது 19, நகர்வது 18. எண்ணிக்கை எப்படி வந்தது என்றால், 1906ஐ (மெத்தை நீளம் 1900 மி.மீ.யும் ஓர் இடைவெளி 6 மி.மீ.யும்) ரீப்பர் அகலமும் 6ம் சேர்ந்த எண்ணால் வகுத்து, கிடைப்பதில் கீழே உள்ள ஒற்றைப்படை எண்ணை எடுக்கணும். 45 அகலத்துக்கு 37. கடையில் 42 ஆக இழைத்துக் கொடுத்தால் 39 ஆகிவிடும். அதனால் மரம் கைக்கு வந்து அளந்த பிறகுதான் கணக்கு.

அந்த 6 மி.மீ. இடைவெளி மரம் ஊதும் என்பதற்காக என்று பலர் நினைக்கிறார்கள். 45 மி.மீ. மெராந்தி நம் ஊர் ஈரத்தில் அரை மி.மீ. கூட ஊதாது. பிரச்சினை வளைவு. 70 செ.மீ. துண்டு பக்கவாட்டில் 2, 3 மி.மீ. வளைந்திருப்பது சகஜம். பக்கத்துத் துண்டு எதிர்ப்பக்கம் வளைந்தால் இரண்டும் உரசி நின்றுவிடும். கடையிலேயே ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் பார்த்துப் பொறுக்குங்கள்.

சட்டங்கள் 2க்கு 3, இழைத்து 45க்கு 70 மி.மீ., 70ஐ நிமிர்த்தி வைக்கணும். மூன்று வேண்டும்: பின்சட்டம், நடுச்சட்டம், முன்சட்டம். இரு பக்கமும் 18 மி.மீ. ப்ளைவுட் பக்கப்பலகை, 70 செ.மீ. ஆழம், 60 உயரம், அதுவே கைப்பிடி. பின்சட்டத்தின் பின்முகம் பக்கப்பலகையின் பின் ஓரத்தோடு, நடுச்சட்டத்தின் முன்முகம் முன் ஓரத்தோடு சமமாக நிற்கும். இரண்டின் மேல்முகமும் தரையிலிருந்து 30 செ.மீ. சட்டங்களின் நுனிக்கு அடியில் 23 செ.மீ. உயரக் கட்டை ஒட்டி, திருகு போட்டுத் தாங்கல். நடுவில் அதே 23 உயரத்தில் ஒரு ப்ளைவுட் தடுப்பு, சட்டம் அதன்மேல் உட்காரும். தடுப்பு இல்லாமல் 190 நீளச் சட்டத்தில் மூன்று பேர் உட்கார்ந்தால் நடுவில் தொங்கும்.

நிலையான 19 ரீப்பரும் பின்சட்டத்திலும் நடுச்சட்டத்திலும் திருகு. நகரும் 18, பின்சட்டத்தின் பின்முகத்திலிருந்து 5 செ.மீ. முன்னே தொடங்கும். முன்நுனி முன்சட்டத்தில் திருகு. பின்நுனியில் எல்லாவற்றையும் அடியிலிருந்து ஒரே 1க்கு 2 பட்டி பிடிக்கும், நீளம் 178 செ.மீ., தட்டையாக. இந்தப் பட்டிதான் நிறுத்தமும். இழுக்கும்போது நடுச்சட்டத்தின் முதுகில் போய் முட்டும். 56 செ.மீ. இழுப்பு, விரித்த அகலம் 131 செ.மீ. மூடினால் 75, முன்கால் கனத்தோடு 79.

முன்கால் மூன்று. 18 மி.மீ. ப்ளைவுட் இரண்டை ஒட்டி, 10 செ.மீ. அகலம், முன்சட்டத்தின் வெளிமுகத்தில் எம் 8 போல்ட். உள்முகத்தில் வைக்காதீர்கள், மூடும்போது நடுச்சட்டத்துக்கு 5 மி.மீ. தான் இடம் இருக்கும். கால் முன்னும் பின்னும் ஆடாமல் இருக்க, 22 செ.மீ. உயரத்துக்கு உள்ளே பின்னோக்கி 15 செ.மீ. துண்டு ஒன்றை ‘ட’ மாதிரி சேர்க்கணும். நடுக்கால் தடுப்பில் இடிக்கும், 3 செ.மீ. தள்ளி வையுங்கள். ஓரக்கால்களும் அதேபோல், தாங்கல் கட்டைக்கு 6 செ.மீ. உள்ளே.

செந்தூல்_11வதுமாடி:
அண்ணே, ரொம்ப நன்றி. இரண்டு கேள்வி. 8க்கு 4 அடி ப்ளைவுட் பலகை லிப்ட்டில் ஏறாது, என்ன செய்வது? 18 மி.மீ. ப்ளைவுட்டையே கீற்றாக வெட்டி ரீப்பர் ஆக்கினால் மரம் வாங்கும் செலவு மிச்சமாகுமே?

பலகைக்காரன்:
தம்பி, ப்ளைவுட்டில் ஓர் அடுக்கு நீளவாக்கு, அடுத்தது குறுக்கு. 45 மி.மீ. கீற்றாக்கினால் குறுக்கு அடுக்குகள் பாரம் தாங்க உதவாது. அதே கனத்து மரத்தைவிட அதிகம் தொய்யும், வெட்டிய ஓரத்தில் சிம்பு எழுந்து உரசும். ஜிக்சாவில் 37 கீற்று நேராக வராது என்பது வேறு.

பலகையை ஹார்டுவேர் கடையிலேயே வெட்டி வாங்குங்கள். வெட்டுக்குத் தனியாக வெள்ளி கேட்டாலும் கொடுத்துவிடுங்கள், அவர்கள் மேசை ரம்பத்தின் நேர்மை வீட்டில் வராது. 18 மி.மீ. ஒரு தாள், முதுகுக்கும் இழுப்பறைக்கும் 12 மி.மீ. ஒரு தாள். மெராந்தி 12 அடி நீளமாக 8 எடுத்தால் ஒன்றுக்கு ஐந்து ரீப்பர், ரம்பம் தின்பது போக சுமார் 14 செ.மீ. தான் மிஞ்சும், நுனி அதற்கு மேல் வெடித்திருந்தால் தீர்ந்தது. 8 அடியில் 13 எடுப்பது நிம்மதி. பட்டிக்கு இன்னொன்று.

பூட்டும் வரிசை முக்கியம். பட்டி நடுச்சட்டத்துக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும், பிறகு உள்ளே நுழைக்க முடியாது. முதலில் பட்டியையும் முன்சட்டத்தையும் இடத்தில் படுக்க வையுங்கள். 37 ரீப்பரையும் மேலே பரப்பி, நடுவே 6 மி.மீ. ப்ளைவுட் துண்டுகளைச் செருகுங்கள். ஒன்றுவிட்டு ஒன்றாக ‘நி’ (நிலையானது), ‘ந’ (நகர்வது) என்று பென்சிலில் எழுதுங்கள். ‘ந’ ரீப்பரில் ஒன்று நடுச்சட்டத்தில் திருகப்பட்டுவிட்டால் முழுவதும் அசையாது. எது என்று தேட ஒரு மணி நேரம். திருகு 4க்கு 40 மி.மீ., முதலில் 3 மி.மீ. துளை போட்டுத்தான். நுனியிலிருந்து 2 செ.மீ. உள்ளே துளையில்லாமல் திருகினால் மெராந்தி பிளக்கும். பட்டிக்குப் பசை போடாதீர்கள், வீடு மாறும்போது கழற்ற அதுதான் வழி. பட்டியோடு சேரும் இடத்தில் மட்டும் 30 மி.மீ. திருகு, 40 போட்டால் முனை அடியில் எட்டிப் பார்த்து இழுப்பறைத் துணியைக் கிழிக்கும்.

தையல்மெஷின்:
மரம் சரி. இந்த மாதிரி சோபா கெட்டுப்போவது பெரும்பாலும் ஸ்பாஞ்சில்தான். சோபாவுக்குப் பின் மெத்தை மெத்தென்று இருக்கணும் என்று கடையில் சொல்வார்கள், கேட்காதீர்கள். ராத்திரி அதுவும் படுக்கைதானே, இரண்டும் ஒரே சரக்காக இருக்கணும். உட்காரும் மெத்தை 190க்கு 75, பின் மெத்தை 190க்கு 56, இரண்டும் 12.5 செ.மீ. கனம்.

அடர்த்தி 32 (ஒரு கன மீட்டருக்கு 32 கிலோ) கேளுங்கள். அமுக்கிப் பார்த்தால் தெரிவது கடினம், அடர்த்தி அல்ல. பயணப்பெட்டி எடை பார்க்கும் கைத்தராசு எடுத்துப் போங்கள். 190க்கு 75 துண்டு 32 அடர்த்தி என்றால் 5.7 கிலோ, 24 என்றால் 4.3 கிலோ. எடை சரியாக இருந்தும் வெட்டிய முகத்தைத் தேய்க்கும்போது வெள்ளைத் தூள் உதிர்ந்தால், எடைக்காகச் சுண்ணாம்புத் தூள் கலந்த சரக்கு. சீக்கிரம் நொறுங்கும்.

உடம்பு கனமானவர்கள் படுப்பதென்றால் அடியில் 5 செ.மீ. ரீபாண்ட் (துண்டு ஸ்பாஞ்சுகளை அழுத்தி ஒட்டிய கெட்டிச் சரக்கு), மேலே 7.5 ஸ்பாஞ்சு என்று ஒட்டலாம். ரீப்பர் ஓட்டை தெரியவே தெரியாது. ஆனால் மெத்தை கனக்கும், வயதானவர் தினமும் இறக்கி ஏற்றினால் சிரமம்.

உறைத் துணி 137 செ.மீ. அகலத்தில் 6 மீட்டர். ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான் துணிக்கடைகளில் சோபாத் துணி தனியாகக் கேளுங்கள், திரைச்சீலைத் துணி தையலில் விட்டுவிடும். ஒவ்வொரு பக்கமும் ஸ்பாஞ்சைவிட 1 செ.மீ. குறைத்துத் தைத்தால்தான் சுருக்கமில்லாமல் நிற்கும். ஜிப் உட்காரும் மெத்தையின் பின் ஓரத்தில், பின் மெத்தையின் கீழ் ஓரத்தில். சோபாவாகவும் கட்டிலாகவும் இரண்டு நிலையிலும் மறைந்திருக்கும் ஓரங்கள் அவை மட்டுமே.

உட்காரும் மெத்தையின் முன் அடியிலும் நகரும் ரீப்பர்களின் முன்நுனியிலும் வெல்க்ரோ ஒட்டுங்கள். இல்லாவிட்டால் இழுக்கும்போது மரம் வரும், மெத்தை வராது.

பிறைக்காரர்:
சில விஷயம் விடுபட்டிருக்கிறது.

வார்னிஷ். ரீப்பரின் பக்கமுகத்தில் அடிக்காதீர்கள். அது காய்ந்த மாதிரி இருக்கும், மழை நாளில் ஒட்டும். பக்கத்திலும் அடியிலும் வெறும் மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் போதும். எண்ணெய், கிரீஸ் எதுவும் வேண்டாம், துணியில் ஏறும்.

முன்காலுக்குச் சக்கரம் போட்டால் இழுக்கச் சுலபம்தான், ஆனால் டைல்ஸ் தரையில் சாய்ந்து உட்கார்ந்ததும் தானாகத் திறக்கும். சக்கரம் போட்டே ஆகணும் என்றால் பக்கப்பலகையில் இரு பக்கமும் சிறிய தாழ்ப்பாள். அடியில் அடிக்கும் நைலான் குமிழ் இன்னும் நல்லது. அது எல்லாப் பலகையையும் தரையிலிருந்து 5 மி.மீ. தூக்கும், மாப் போடும் தண்ணீர் ப்ளைவுட் நுனியில் ஏறாது. கால் உயரத்தில் அந்த 5ஐக் கழித்துக்கொள்ளுங்கள்.

சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் பலகைக்காரர் சொன்ன அந்த 5 மி.மீ. இடம் விரலை நசுக்கும். நடுச்சட்டத்தின் முன்முகத்தில் 2 செ.மீ. ரப்பர் முட்டு மூன்று இடத்தில் அடியுங்கள். மூடிய ஆழம் ஒன்றரை செ.மீ. கூடும், அவ்வளவே.

மலிவு என்று ரப்பர் மரம் எடுத்தால், மருந்தேற்றியதா என்று கேட்டு வாங்குங்கள். ஏற்றாத ரப்பர் மரத்தில் வண்டு துளைத்து, சில மாதத்தில் அடியில் மாவு மாதிரித் தூள் கொட்டும். தரை வீட்டில் கரையானும் உண்டு, சோபா முதுகைச் சுவரிலிருந்து 5 செ.மீ. தள்ளி வைத்தால் பின்னால் மண்கோடு ஏறுகிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கலாம். அதே இடைவெளி காற்றுக்கும் உதவும். முதுகை முழுவதும் மூடாமல் 12 மி.மீ. பலகையில் கைப்பிடி அளவு ஓட்டை நாலு போடுங்கள், இழுப்பறையில் போர்வை பூஞ்சை வாடை அடிக்காது.

இழுப்பறை உயரம் 20 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது, முன்சட்டத்தின் அடி 23ல் இருக்கிறது. இழுப்பறை நிரம்பி வழிந்தால் தலையணை நுனி ரீப்பர் ஓட்டைக்குள் ஏறிச் சிக்கும், கட்டில் மூடாது.

செந்தூல்_11வதுமாடி:
கைத்தராசு வீட்டில் இருக்கிறது. 12 அடிக்குப் பதில் 8 அடியே எடுக்கிறேன். பின் மெத்தை 190 நீளத்தில் ஒரே துண்டா, 95ஆக இரண்டா?

தையல்மெஷின்:
95ஆக இரண்டு. லிப்ட்டிலும் ஏறும், வாஷிங் மெஷினிலும் உறை அடங்கும். ஆனால் உட்காரும் மெத்தையை ஒரே துண்டாக விடுங்கள், இரண்டாக்கினால் மூன்று பேர் உட்காரும்போது நடுவில் இருப்பவர் பிளவில் இறங்குவார். அதைச் சுருட்டிக் கயிறு கட்டினால் லிப்ட்டில் போகும், வீட்டுக்கு வந்ததும் உடனே அவிழ்த்துவிடுங்கள்.