மறு: ‘சர்டிபிகேட் ஆஃப் அப்பீலபிலிட்டி’ – தமிழில் என்ன சொல்லலாம்?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

> ‘மேல்முறையீட்டுத் தகுதிச் சான்று’ போதாதா?

ஐயா, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘தகுதி’ இங்கே ஆளைத் தவறான பக்கம் இழுத்துவிடும். ‘வழக்கைத் தகுதி அடிப்படையில் விசாரித்தது’ என்று, அதாவது யார் பக்கம் நியாயம் என்று பார்த்ததைக் குறிக்க, நாம் ஏற்கெனவே எழுதிவருகிறோம். இந்தச் சான்றோ அந்த விசாரணைக்கு முந்தைய படி.

அமெரிக்காவில் மாநிலச் சிறைக்கைதியின் ஆட்கொணர்வு மனுவைக் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் தள்ளிவிட்டால், அவர் நேராக மேல்முறையீட்டுக்குப் போக முடியாது. 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தச் சான்று வேண்டும். அரசமைப்பு உரிமை மறுக்கப்பட்டதற்குக் கணிசமான முகாந்திரம் காட்ட வேண்டும். வெற்றி உறுதி என்று காட்ட வேண்டியதில்லை. நியாயமான நீதிபதிகள் அந்தத் தீர்ப்பைப் பற்றி மாறுபட இடமிருந்தாலே போதும். எந்தெந்தப் பிரச்சினைக்கு வழங்கப்படுகிறது என்பதும் சான்றிலேயே இருக்க வேண்டும்.

இந்தச் சான்றையும் தகுதி விசாரணையையும் குழப்பினால் என்ன ஆகும் என்பதற்கு டுவேன் பக் வழக்கே சாட்சி. டெக்சஸில் 1997இல் மரண தண்டனை பெற்றவர். அவர் கறுப்பினத்தவர் என்பதே எதிர்காலத்தில் வன்முறையில் இறங்கும் வாய்ப்பைக் கூட்டுகிறது என்ற கருத்தைச் சொன்ன உளவியலாளரை அவருடைய சொந்த வழக்கறிஞரே சாட்சிக் கூண்டில் ஏற்றினார். இதைவிடக் கொடுமை உண்டா? அப்படியும் ஐந்தாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் சான்றை மறுத்தது. முதலில் தகுதியை எடைபோட்டு, அதையே காரணம் காட்டிக் கதவடைத்தது முறையல்ல என்று 2017இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-2 எனத் தீர்ப்பளித்தது. நாமே சொல்லில் ‘தகுதி’யை வைத்தால் அதே குழப்பத்தை வாசகர் தலையில் ஏற்றுகிறோம்.

> ‘அனுமதிச் சான்று’?

‘சிறப்பு அனுமதி மனு’ நம் இந்திய உச்ச நீதிமன்றச் சொல்வழக்கில் ஊன்றிவிட்டது. அது வேறு நடைமுறை, கலக்க வேண்டாம். ‘ஏற்புச் சான்று’ என்றால் மேல்முறையீடே வென்றதாகப் படும்.

என் பரிந்துரை: ‘மேல்முறையீட்டு வழிவிடு சான்று’. சுருக்கமாக ‘வழிவிடு சான்று’. ‘வழிவிடு சான்று மறுக்கப்பட்டது’, ‘இரண்டு பிரச்சினைகளுக்கு மட்டும் வழிவிடு சான்று’ என்று செய்தியில் எழுதினாலும் இடறாது. ‘வழிவிடு’ பேச்சுமொழி போல ஒலிக்கிறது என்பவர்கள் மாற்றுச்சொல் தரட்டும். ‘தகுதி’ மட்டும் வேண்டாம்.