பருப்பும் வெளியுறவும்

குழு: மூணாவது தெரு, பாளை

வியாழன்

கோமதி, மாலை 6:12
சனிக்கிழமை 4 மணிக்கு எங்கள் பல்கலைக்கழகத்தில் வெளியுறவு பற்றிப் பொது உரை. பேசுகிறவர் ஓய்வு பெற்ற தூதர். 40 நிமிடம் பேச்சு, அப்புறம் ஒரு மணி நேரம் கேள்வி. யாரும் வரலாம், கட்டணம் கிடையாது.

செல்வி, 6:15
அது படிச்சவங்களுக்கு உள்ளதுல்லா கோமதி?

கோமதி, 6:17
படிக்கிறவர்கள்தான் தினமும் அங்கே உட்கார்ந்திருக்கிறோமே அத்தை. போன தடவை எல்லாரும் பரீட்சைக் கேள்வியாகவே கேட்டோம். பேச வந்தவருக்குக் கொட்டாவி வந்துவிட்டது.

சண்முகம் சார், 6:31
நான் வருகிறேன். 1945-ல் ஐ.நா. தொடங்கியபோது 51 நாடுகள். இன்று 193. ஆனால் பாதுகாப்பு அவையில் எந்தத் தீர்மானத்தையும் தடுக்கிற வீட்டோ அதிகாரம் அதே ஐந்து நாடுகள் கையில். இது என்ன நியாயம் என்று கேட்கப் போகிறேன்.

காதர், 6:34
சார், சுருக்கமாகக் கேளுங்கள். தெருக் கூட்டத்தில் சாக்கடைப் பிரச்சினையைச் சோழர் காலத்தில் இருந்து ஆரம்பித்தீர்கள்.

சண்முகம் சார், 6:35
பின்னணி தெரியாமல் கேள்வி கேட்கக் கூடாது பாய்.

அந்தோணி, 6:50
நானும் வாரேன். எனக்கு ஒரே ஒரு கேள்வி. கடல் கேள்வி.

ராஜம், இரவு 8:02
நாளைக்குக் காலையில் 6 மணிக்குத் தண்ணீர் விடுகிறார்கள். மோட்டார் போடுகிறவர்கள் ஞாபகமாக நிறுத்துங்கள். போன தடவை தெருவே ஆறாக ஓடியது.

முத்து, 9:40
அம்மா, நீங்களும் போங்க. இங்கே கத்தாரில் என் ரூமில் இருக்கிற ஒரு பையனுக்காக ஒன்று கேட்கணும். தனியாக அனுப்புகிறேன்.

சனி

செல்வி, மாலை 4:38
பேச்சு நல்லாப் புரிகிறது. தூதர் வேலை என்றால் கோட்டும் விருந்தும்தான் என்று நினைத்திருந்தேன். இவர் பருப்பு பற்றிப் பேசுகிறார்.

காதர், 4:39
பருப்பா?

செல்வி, 4:44
ஆமா அண்ணாச்சி. துவரம் பருப்புக்காக 2016-ல் மொசாம்பிக்கோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். முதல் வருஷம் ஒரு லட்சம் டன், 2020-21-க்குள் இரண்டு லட்சம். அங்கே ஆகஸ்டு வாக்கில் அறுப்பு, நம்ம ஊர் புதுப்பருப்பு டிசம்பருக்கு மேல்தான். இடையில் வருகிற தட்டுப்பாட்டை அது தாங்குமாம்.

காதர், 4:47
அதற்கு முந்தின வருஷம் மறக்குமா? 2015 அக்டோபரில் கிலோ 200 ரூபாயைத் தாண்டியது. அரைக்கிலோ வாங்குகிறவர்கள் 100 கிராம் வாங்கிப் போனார்கள். விலையைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கும். நான்தான் ஏற்றிவிட்ட மாதிரி பார்ப்பார்கள்.

செல்வி, 4:48
நானும் அப்படித்தான் பார்த்தேன் 😄 அந்த மாதம் பூராவும் எங்கள் வீட்டில் புளித்தண்ணியும் துவையலும்தான்.

ராஜம், 4:50
ரேஷனில் 30 ரூபாய்க்குப் போடுகிறார்களே, அந்தப் பருப்பா?

காதர், 4:53
அது அரசு மானியம் மதினி. டெண்டர் விட்டு வாங்குவார்கள், எந்த மூட்டை எங்கே இருந்து என்று சொல்ல முடியாது. ஆனால் வெளிநாட்டுச் சரக்கு வராவிட்டால் அவர்களுக்கும் விலை கூடத்தானே செய்யும்.

கோமதி, 5:06
கேள்வி நேரம் ஆரம்பித்துவிட்டது. சண்முகம் சார் கையில் மைக்.

கோமதி, 5:11
இன்னும் சார் கையில்தான். ஐ.நா.வுக்கு முன்னால் இருந்த லீக் ஆஃப் நேஷன்ஸுக்கு வந்திருக்கிறார்.

காதர், 5:12
யா அல்லாஹ்

கோமதி, 5:14
சார், போனைப் பாருங்கள். வாசல் பக்கம் நின்று கை காட்டுவது நான்தான்.

கோமதி, 5:16
மைக்கை வாங்கிவிட்டேன். ஆனால் பதில் நல்ல பதில். ஐ.நா. சாசனத்தைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு நாடுகள் வேண்டும், அதில் அந்த ஐந்து பேரும் இருந்தாக வேண்டும். "கதவைத் திறக்கும் சாவி வீட்டுக்குள் இருக்கிறவர்களிடமே இருக்கிறது" என்றார்.

செல்வி, 5:41
முத்து, கேட்டுவிட்டேன்டா! கை நடுங்கிவிட்டது. வீட்டுக்குப் போய் எழுதுகிறேன்.

செல்வி, இரவு 8:15
முத்துவின் ரூமில் இருக்கிற பையனின் பாஸ்போர்ட்டைக் கம்பெனிக்காரன் லாக்கரில் வைத்துக்கொண்டு, கேட்டால் "பிறகு, பிறகு" என்கிறானாம். அதைத்தான் கேட்டேன். பாஸ்போர்ட் நம் பேரில் இருந்தாலும் அது இந்திய அரசின் சொத்து என்றார். கத்தார் சட்டப்படியும் முதலாளி வைத்திருக்கக் கூடாது, தொழிலாளி தானே எழுதிக் கொடுத்துக் கேட்டால் ஒழிய. "அந்தப் பையன் படிக்காமல் ஏதாவது காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறானா?" என்று திருப்பி என்னைக் கேட்டார்.

முத்து, 8:21
போட்டிருக்கான்மா. வந்த அன்றைக்கே நாலைந்து காகிதம் நீட்டினார்கள், எல்லாம் அரபி. எனக்கும் நீட்டினார்கள்.

செல்வி, 8:21
நீ?

முத்து, 8:22
நானும் போட்டேன். ஆனால் என் பாஸ்போர்ட் என்கிட்டதான் இருக்கு.

செல்வி, 8:23
இதை இவ்வளவு நாள் சொல்லவே இல்லையே.

கோமதி, 8:26
முத்து அண்ணே, அவரை மதாத் இணையதளத்தில் புகார் பதியச் சொல்லுங்கள். வெளியுறவு அமைச்சகம் 2015-ல் தொடங்கியது. எண் கொடுப்பார்கள், அதை வைத்துத் தூதரகத்தில் கேட்கலாம்.

காதர், 8:31
நான் சவுதியில், தமாமில் ஒன்பது வருஷம் இருந்தேன். தூதரகம் என்றால் ஆள் செத்தால் போகிற இடம் என்றுதான் எங்களுக்குத் தெரியும். இப்போது பழைய பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். பொடி எழுத்தில் இருக்கத்தான் செய்கிறது, இந்திய அரசின் சொத்து என்று.

கோமதி, 8:35
இன்னொன்றும் சொன்னார். வெளிநாட்டில் ஒருவரைப் பிடித்து வைத்தால், "உன் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லலாம்" என்பதை அவரிடம் தாமதம் இல்லாமல் சொல்ல வேண்டும். 1963 வியன்னா உடன்படிக்கை, 36-வது பிரிவு. பாகிஸ்தான் பிடித்து வைத்த இந்தியர் குல்பூஷண் ஜாதவின் வழக்கில் பாகிஸ்தான் அதை மீறியது என்று 2019-ல் சர்வதேச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதும் இதை வைத்துத்தான்.

சண்முகம் சார், 8:40
அந்தோணி, உங்கள் கேள்விக்கு அவர் பட்டும் படாமலும் சொன்ன மாதிரி இருந்ததே?

அந்தோணி, 8:52
ஆமா சார். கச்சத்தீவு என்றால் எல்லாரும் இலங்கையோடு போட்ட 1974 ஒப்பந்தத்தைச் சொல்லிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். அந்த ஒப்பந்தத்தில் நம் மீனவர்களும் யாத்திரைக்காரர்களும் விசா இல்லாமல் தீவுக்குப் போய்வரலாம் என்று இருக்கிறது. மீன் பிடிக்கலாம் என்று இருக்கிறதா? 1976 மார்ச்சில் இரண்டு வெளியுறவுச் செயலாளர்களும் கடிதம் மாற்றிக்கொண்டார்கள். உன் கடலில் நான் பிடிக்கக் கூடாது, என் கடலில் நீ பிடிக்கக் கூடாது. அதே கடிதத்தில்தான் கன்னியாகுமரிக்குத் தெற்கே உள்ள வாட்ஜ் பேங்க் என்ற மீன்பிடிப் பகுதி நம்முடையது என்று ஆனது. இலங்கைக்கு மூன்று வருஷம் மட்டும் ஆறு படகு, வருஷத்துக்கு 2,000 டன், அப்புறம் நிறுத்திக்கொள்ள வேண்டும். உவரியில் பிறந்த எனக்கே இது நாற்பது வயதுக்கு மேல்தான் தெரியும்.

அந்தோணி, 8:58
என் கேள்வி இதுதான். கடிதம் எழுதும் முன்னால் எந்தக் கரையிலாவது மீன்காரனிடம் கேட்டார்களா? அதற்கு அவர் "அன்றைய சூழ்நிலை வேறு" என்றார். அதுதான் தூதர் பதில்.

காதர், 9:01
ஒரு பதிலுமே சொல்லாமல் பத்து நிமிடம் பேசுவார்கள் போல.

அந்தோணி, 9:05
இல்லை பாய், ஒன்று ஒத்துக்கொண்டார். யாழ்ப்பாணத்துப் பக்கம் வலை அறுபடுவதும் தமிழ் மீனவனுக்குத்தான். நம் விசைப்படகு இழுவை மடி, அதாவது கடலடியை வாரும் வலை, போட்டுப் போனால் அடியில் உள்ள குஞ்சு குருமான் எல்லாம் போச்சு. 2017-ல் அங்கே இழுவை மடிக்குத் தடையே போட்டுவிட்டார்கள். வள்ளக்காரனாக எனக்கு அது தப்பாகத் தெரியவில்லை. அங்கே நான் இதைச் சொன்னதும் இரண்டு பேர் என்னை முறைத்தார்கள்.

சண்முகம் சார், 9:09
நானும் முறைத்தேன். பிறகு யோசித்தேன்.

கோமதி, 9:12
அடுத்த மாதமும் உரை இருக்கிறது. தலைப்பு செங்கடல் கப்பல் பாதை.

அந்தோணி, 9:14
தூத்துக்குடியில் கப்பல் வேலை பார்க்கிற மச்சினன் இருக்கான், கூட்டி வாரேன். 2023 நவம்பருக்கு அப்புறம் செங்கடலில் கப்பல்களைத் தாக்கினதால் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போன கதை அவனிடம் நிறைய இருக்கு.

சண்முகம் சார், 9:15
அதற்குள் சூயஸ் கால்வாயின் வரலாற்றைச் சுருக்கமாக எழுதி இங்கே போடுகிறேன். 1869-ல் இருந்து.

ராஜம், 9:16
சார், எழுதுவது இருக்கட்டும். உங்கள் மாடித் தொட்டி ஒரு மணி நேரமாக வழிகிறது. மோட்டாரை நிறுத்துங்கள்.