மறு: புளூரலிஸ்டிக் இக்னரன்ஸுக்குத் தமிழ்ல என்ன சொல்லலாம்?

எல்லாருக்கும் வணக்கம், நம்ம கலைச்சொல் பட்டியலுக்காக புளூரலிஸ்டிக் இக்னரன்ஸுக்கு (pluralistic ignorance) ஒரு தமிழ்ச் சொல் தேடறோம்ல, அதுக்கு நீங்க சொன்ன யோசனைகளுக்கு என் பதில் இது.

> பன்மை அறியாமைன்னே வச்சிடலாமே, சொல்லுக்குச் சொல் சரியா வருது.

சொல் வருது ஐயா, பொருள்தான் வரல. பன்மை அறியாமைன்னு படிச்சா நிறைய பேருக்கு ஏதோ விவரம் தெரியலன்னுதான் தோணும். 1931ல உளவியலாளர்கள் டேனியல் காட்ஸும் ஃபிளாய்ட் ஆல்போர்ட்டும் இதுக்குப் பேர் வச்சப்ப சொன்னது வேற, அதாவது ஒரு கூட்டத்துல ஒவ்வொருத்தருக்கும் உள்ளுக்குள்ள ஒரு வழக்கம் பிடிக்கல, ஆனா மத்தவங்க எல்லாருக்கும் பிடிச்சிருக்கு போல, நமக்குத்தான் ஒத்து வரலன்னு நெனச்சு வாய மூடிக்கிட்டு அதையே செய்யறாங்க, அதப் பார்த்து அடுத்தவரும் அப்படியே நெனைக்கிறாரு.

வகுப்புல "யாருக்காவது டவுட் இருக்கா"ன்னு கேக்கறப்ப நடக்கறதப் பாருங்க. பாதிப் பேருக்குப் புரியல. ஒருத்தன் ஓரக்கண்ணால பக்கத்துல பார்க்கறான், அங்க ஒருத்தன் குனிஞ்சு நோட்டுல ஏதோ எழுதறான், சரி அவனுக்குப் புரிஞ்சிருச்சுன்னு இவனும் குனிஞ்சுக்கறான். அந்தப் பக்கத்து நோட்டுல தேதிக்கு அடியில மறுபடி மறுபடி கோடு போட்டிருக்கு, அவ்வளவுதான்.

> போலி ஒருமிப்பு எப்படி இருக்கு?

அக்கா, காதுக்கு நல்லாருக்கு. ஆனா 1977ல உளவியலாளர் லீ ராஸும் கூட இருந்தவங்களும் எழுதின இன்னொரு கருத்து இருக்கு, நாம நெனைக்கறதத்தான் ஊரும் நெனைக்குதுன்னு அளவுக்கு மீறி நம்பறது. உங்க சொல் அதுக்குத்தான் கச்சிதம். ரெண்டும் கிட்டத்தட்ட எதிரெதிர், ஒரே பேர வச்சா படிக்கற பசங்க திண்டாடிடுவாங்க.

என் பரிந்துரை: தனிக்கருத்து மயக்கம். என் கருத்து எனக்கு மட்டுமே உள்ள தனிக்கருத்துன்னு மயங்கறது. மயக்கம்னா தலைசுத்தல்னு எடுத்துக்குவாங்கன்னு சிலர் சொல்லலாம், ஆனா திணை மயக்கம்னு படிக்கறப்ப யாருக்கும் தலைசுத்தல் ஞாபகம் வர்றதில்லயே, முன்னாடி ஒட்டற சொல் பொருளக் காட்டிக் குடுத்துடும்.

இந்தச் சொல் நமக்கு அவசரமா வேணும்னு நான் நெனைக்கறேன். சவுதியில நடத்தி 2020ல வந்த ஆய்வுல, மனைவி வெளிய வேலைக்குப் போறத பெரும்பாலான இளம் கணவர்கள் ஆதரிச்சாங்க, ஆனா மத்த ஆம்பளைங்க அவ்வளவா ஆதரிக்க மாட்டாங்கன்னு நம்பினாங்க. உண்மையான எண்ணிக்கையச் சொன்னதும் மனைவிக்கு வேலை தேடப் பதிவு பண்ணவங்க கூடினாங்க, யாரோட மனசையும் யாரும் மாத்தல! நாம "நாலு பேர் என்ன சொல்வாங்க"ன்னு எத்தனை கல்யாணம், எத்தனை படிப்ப முடிவு பண்றோம், அந்த நாலு பேரும் வேற நாலு பேரப் பார்த்துதான் பயந்துட்டு இருக்காங்கன்னு நமக்குத் தோணறதே இல்ல. பேர் இருந்தா "இது தனிக்கருத்து மயக்கமா இருக்கும், ஒரு வார்த்த கேட்டுப் பாரு"ன்னு வீட்லயே சொல்லலாம்.

குழுச்சிந்தனையோட (groupthink) இத குழப்பிக்க வேணாம். அங்க ஒத்துமை கெடக்கூடாதுன்னு மாற்று யோசனையே எழாம போகுது, இங்க மாற்று யோசனை எல்லார்கிட்டயும் இருந்தும் வெளிய வரல. பட்டியல்ல ரெண்டையும் அடுத்தடுத்து வச்சு வேறுபாட்ட ஒரு வரியில குறிச்சிடலாம். மறுப்பு இருக்கறவங்க வர்ற ஞாயிறுக்குள்ள எழுதுங்க, அப்புறம் பட்டியல்ல ஏத்திடறேன்.